உணவுப் பாதுகாப்பு வேலையை மொத்தமாகக் கன்சல்டன்டிடம் கொடுத்துவிடலாமா?

கேள்வி இது: "மண்டபம் பக்கத்தில் அண்ணனும் நானும் சேர்ந்து கருவாடு, மாசி (வேகவைத்துக் காயவைத்த சூரை மீன்), சென்னாக்கூனிப் பொடி பாக்கெட் போட்டு விற்கிறோம். பதினைந்து பெண்கள் வேலை பார்க்கிறார்கள். கணக்கு வழக்கை மதினி பார்க்கிறார்கள். அடுத்த வருடம் நண்டுச் சதை எடுக்கும் வேலையும் தொடங்கி ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். வெளியூர்க் கன்சல்டன்ட் ஒருவர், வருடத்துக்கு ஒரு தொகை கொடுத்தால் லைசென்ஸ், ஹாசப், லேப் ரிப்போர்ட், லேபிள், ரிட்டர்ன் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் தொழிலை மட்டும் பாருங்கள் என்கிறார். ஒப்படைக்கலாமா?"

கன்சல்டன்ட் வைத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். விண்ணப்பம் போடுவது, ஹாசப் திட்டத்துக்கு (தயாரிப்பில் ஆபத்து எந்த இடத்தில் வரும், அதை எப்படித் தடுப்பது என்று சொல்லும் திட்டம்) முதல் வரைவு எழுதுவது, ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பது, லேபிளைச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, இதையெல்லாம் வெளியே கொடுக்கலாம். உங்கள் கொட்டகையில் அன்றன்றைக்கு நடப்பதைப் பார்ப்பது, பார்த்ததை எழுதுவது, சரியில்லாத சரக்கை நிறுத்துவது, இந்த மூன்றையும் வெளியே கொடுக்க வழியே இல்லை. கொடுத்தால் வேலை நடக்காது, நடந்த மாதிரி தாள் மட்டும் வரும். இந்தக் கரையில் கடல் உணவு ஆலைகளில் தரக் கட்டுப்பாடு பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: தாள் இல்லாத ஆலையைவிடத் தாள் மட்டும் பளிச்சென்று இருக்கும் ஆலையைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

முதலில் சட்டம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தில் 26, 27-ஆம் பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். பொறுப்பு உணவு வணிகர் மேலும், தயாரிப்பாளர், பேக் செய்பவர், விற்பவர் மேலும்தான் வைக்கப்பட்டிருக்கிறது. கன்சல்டன்ட் என்று ஓர் ஆளை அந்தப் பிரிவுகள் சொல்லவே இல்லை. சரக்கு தரக்குறைவு என்று முடிவானால் 51-ஆம் பிரிவின்படி 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். பாதுகாப்பற்ற உணவு என்று வந்தால் 59-ஆம் பிரிவு, அதில் சிறையும் உண்டு. பொய்த் தகவல் கொடுத்தால் 61-ஆம் பிரிவு. இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கன்சல்டன்ட் உங்கள் பெயரில், உங்கள் லாகினில் ஒரு பொய்யை ஏற்றினால், அது நீங்கள் சொன்ன பொய்யாகத்தான் பதிவாகும்.

சட்டம் ஒரு தற்காப்பும் தருகிறது. நியாயமாக எடுக்க வேண்டிய எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன், உரிய கவனத்தோடு நடந்தேன் என்று நிரூபித்தால் 80-ஆம் பிரிவைக் காட்டலாம். அதற்கு உங்கள் கையில் இருக்க வேண்டியது தினசரி சோதனையின் தடயம். கன்சல்டன்டுக்குப் பணம் கட்டிய ரசீதை மட்டும் நீட்டினால் அது உரிய கவனம் ஆகிவிடாது. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் பொருளால் வரும் பாதிப்புக்கான பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. அங்கேயும் முதலில் நிற்கப் போவது தயாரித்தவர்தான்.

அடுத்து, சின்னதாகத் தெரிந்து பெரிய சேதம் செய்யும் ஒன்று. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் லைசென்ஸுக்கு அதன் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போது கன்சல்டன்ட்கள் பலர் தங்கள் மொபைல் எண்ணையும் தங்கள் இமெயிலையும் போட்டுவிடுகிறார்கள். ஓடிபி கேட்டு உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்பார்கள். அதன் பிறகு அந்தத் தளத்திலிருந்து வரும் நினைவூட்டல், நோட்டீஸ் எல்லாம் அவருக்குத்தான் போகும். தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு மே 31-க்குள்ளும் ஆண்டு ரிட்டர்ன் போட வேண்டும். தவறினால் நாளுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். அதையாவது கட்டித் தீர்த்துவிடலாம். அதிகாரி சோதனைக்கு எடுத்துப்போன உங்கள் சரக்கின் மாதிரி தேறவில்லை என்று பகுப்பாய்வு அறிக்கை வந்தால், எதிர்த்து மேல்முறையீடு செய்ய உங்களுக்கு 30 நாள்தான். அந்த அறிக்கை கன்சல்டன்டின் இன்பாக்ஸில் கிடந்தால் அந்த 30 நாளும் உங்களுக்குத் தெரியாமலே ஓடிவிடும். அவரோடு பணத் தகராறு வந்தால் பாஸ்வேர்டுக்காக அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். லாகின் உங்கள் எண்ணில், உங்கள் இமெயிலில் இருக்கட்டும். ஓடிபி வரும்போது சொல்லிவிடுங்கள், அரை நிமிட வேலை.

லைசென்ஸ் நிபந்தனைகளில் இன்னொன்று இருக்கிறது. உற்பத்தியை மேற்பார்க்க, அதற்குரிய படிப்புள்ள டெக்னிகல் ஆள் ஒருவரையாவது வேலையில் வைத்திருக்க வேண்டும். இங்கேதான் சிலர் தங்கள் பட்டச் சான்றிதழைக் கடன் கொடுக்கிறார்கள். ஒரே சான்றிதழ் தொண்டியில் ஓர் ஆலை, கீழக்கரையில் ஓர் ஆலை, ஏர்வாடியில் ஓர் ஆலை என்று சுற்றும். ஒரே நாளில் மூன்று ஊரில் ஒருவர் உற்பத்தியை மேற்பார்க்க முடியாது, அது அதிகாரிக்கும் தெரியும். உங்கள் கன்சல்டன்ட் அப்படி ஏதாவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

சரி, சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பதிவேடு. வெளியே இருக்கும் ஒருவர் உங்கள் பதிவேட்டை எழுதினால் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஓர் ஆலையின் உலர்த்தல் பதிவேட்டைப் புரட்டினேன். 2024 நவம்பர் 20-க்கு நேராக "வெயிலில் 8 மணி நேரம்" என்று எழுதியிருந்தது. அன்றைக்குத்தான் இராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தீவில் தெருவெல்லாம் தண்ணீர். அதே நோட்டில் மே மாத நடுவில் "விசைப்படகு மீன், இராமேசுவரம்" என்று கொள்முதல். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்கே போகாது. அந்த நாளில் சரக்கு நாட்டுப்படகிலிருந்து வந்திருக்கும், இல்லையென்றால் மேற்குக் கரையிலிருந்து லாரியில் ஐஸ் போட்டு வந்திருக்கும். குளிர் அறை வெப்பநிலையோ மாதம் முழுக்க ஒரே எண், ஒரே பேனா, ஒரே சாய்வு. கரண்ட் போன நாளிலும் அதே எண். எழுதியவர் கெட்டவர் இல்லை. மாதக் கடைசியில் உட்கார்ந்து முப்பது நாளையும் நிரப்பியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் இந்த ஊர்க்காரர் யார் பார்த்தாலும் ஒரே பார்வையில் பொய் என்று சொல்லிவிடுவார்கள். நாளைக்குத் தகராறு வந்தால் உங்களைக் காப்பாற்ற வேண்டிய நோட்டு உங்களுக்கு எதிரான சாட்சியாக மாறும்.

பொய்ப் பதிவேட்டால் மாட்டிக்கொள்வோம் என்பது பாதிக் கவலைதான். மீதிப் பாதி, நிஜமான ஆபத்து எங்கே இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாமல் போவது. மாசியை எடுத்துக்கொள்ளுங்கள். அது செய்யும் சூரை மீனில் இயல்பாகவே ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் செத்தபின் ஐஸ் இல்லாமல் சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமின் என்ற நச்சாக மாற்றிவிடும். ஒருமுறை உண்டானால் வேகவைத்தாலும் போகாது, புகை போட்டாலும் போகாது, காயவைத்தாலும் போகாது. தின்றவருக்கு முகம் சிவந்து, தடித்து, தலைவலியும் வாந்தியும் வரும். மாசியைப் பார்த்தோ முகர்ந்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. அப்படியானால் தடுக்கக்கூடிய இடம் எது? படகிலிருந்து சூரை உங்கள் கைக்கு வரும் அந்த நேரம், அதன்பின் வேகவைக்கும் கொப்பரையில் இறங்கும் வரை உள்ள நேரம். மாதம் ஒருமுறை காலை பதினோரு மணிக்கு வரும் கன்சல்டன்ட் பார்ப்பது கட்டை மாதிரி காய்ந்து முடிந்த மாசியை. விடியற்காலை நாலு மணிக்குக் கரையில் நிற்பவர் உங்கள் அண்ணன். குத்தும் வெப்பமானி ஒன்று வாங்கிக் கொடுத்து, முதுகெலும்பு வரை குத்திப் பார்த்து, 4 டிகிரிக்கு மேல் ஏறிய கூடையைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள். படகு வந்து கொஞ்ச நேரமே ஆன மீன் என்றால் அந்த அளவுக்குக் குளிர்ந்திருக்காது. அப்போது பிடித்து எவ்வளவு நேரம் ஆயிற்று, ஐஸ் எப்போது போட்டார்கள் என்று கேட்டு எழுதட்டும். அந்த நோட்டு, அந்தக் கையெழுத்து, அதுதான் உங்கள் உணவுப் பாதுகாப்பு.

லேப் ரிப்போர்ட்டும் அப்படித்தான். ஹிஸ்டமினுக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஒரு லாட்டிலிருந்து 9 மாதிரி எடுக்கச் சொல்கிறது. அதில் 2-க்கு மேல் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, எந்த ஒன்றும் 200-ஐத் தாண்டக் கூடாது. ஒன்பது ஏன் என்றால், ஒரே கூடையில் ஒரு மீன் நன்றாக இருக்கும், பக்கத்து மீன் கெட்டிருக்கும். கன்சல்டன்ட் தன் கையால் நல்லதாக ஒரு துண்டைப் பொறுக்கி அனுப்பினால் ரிப்போர்ட் நன்றாகத்தான் வரும். அதில் சின்ன எழுத்தில் "வாடிக்கையாளர் கொடுத்த மாதிரி, பெற்றுக்கொண்ட மாதிரிக்கு மட்டும் பொருந்தும்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் முத்திரை இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் கேட்ட சோதனை அந்த லேபின் அங்கீகார வரம்புக்குள் இருக்கிறதா என்று என்ஏபிஎல் தளத்திலேயே பார்க்கலாம். லைசென்ஸ் நிபந்தனைப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சோதனை செய்ய வேண்டும். மாதிரியை நீங்களே எடுங்கள், இல்லை லேப் ஆளை வரவழைத்து எடுக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட் லேபிலிருந்து நேரே உங்கள் இமெயிலுக்கு வரட்டும். இடையில் யாரும் வேண்டாம். தேறாத ரிப்போர்ட்டை மறைத்துவிட்டு இன்னொரு மாதிரி அனுப்பித் தேறியதை மட்டும் உங்களிடம் காட்டுவதும் நடக்கிறது. உங்களுக்கு உதவுவதாக நினைத்துத்தான் செய்வார்கள். ஆனால் அந்தத் தேறாத ரிப்போர்ட்தான் உங்களுக்கு வேண்டியது.

தண்ணீர் நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல். சோதனைக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் பிடித்து அனுப்பினால் குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தோடு ரிப்போர்ட் வந்துவிடும். குழாயில் தண்ணீர் வராத நாளில் நண்டைக் கழுவுவது எந்தத் தண்ணீரில்? டேங்கர் லாரியில். அது எந்தக் கிணற்றுத் தண்ணீர், குளோரின் போட்டார்களா, தொட்டியை எப்போது கழுவினார்கள்? உங்கள் ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது? இதெல்லாம் வெளியூர்க்காரர் படிவத்தில் இருக்காது, அவருக்குக் கேட்கவும் தோன்றாது. உங்களுக்குத் தெரியும்.

நண்டுக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் இறங்கப் போவது அதில்தான். வேகவைத்த நீலக்கால் நண்டிலிருந்து கையால் சதை எடுக்கும் வேலை. நாள் முழுக்க ஓடும் முள்ளும் ஈரமும் பட்டு விரல் வெடிக்கும், கீறும். வெடிப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் களிம்பைப் பூசிக்கொண்டு மறுநாள் வேலைக்கு வந்துவிடுவார்கள். அந்தக் களிம்பில் குளோராம்பெனிக்கால் என்ற ஆன்டிபயாடிக் மருந்து இருந்தால், அந்தக் கையிலிருந்து சதைக்குப் போகும். உணவில் அந்த மருந்து இருக்கவே கூடாது என்பதுதான் பல நாடுகளில் விதி. ஐரோப்பாவில் நடவடிக்கை எடுக்கும் அளவு இப்போது கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். அதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அளவு ஒரு கிலோ சதையில் இருந்தாலே சரக்கு நின்றுவிடும். எந்தக் கன்சல்டன்டும் தன் திட்டத்தில் "பணியாளர் சுகாதாரம், கையுறை" என்று ஒரு வரி எழுதி வைப்பார். எந்தப் பெண்ணுக்கு விரல் வெடித்திருக்கிறது, அவர் வீட்டில் என்ன களிம்பு இருக்கிறது என்பது உங்கள் மதினிக்குத்தான் தெரியும், அவரிடம்தான் அந்தப் பெண்ணும் சொல்வார். கை வெடித்தவரைச் சம்பளம் பிடிக்காமல் வேறு வேலைக்கு மாற்றும் அதிகாரமும் அங்கேதான் இருக்க வேண்டும். சம்பளம் போகும் என்றால் யாரும் கையைக் காட்ட மாட்டார்கள். இதை எத்தனை பக்கத் திட்டமும் சரிசெய்யாது.

வெளி ஆள் கொடுக்கும் நற்சான்றிதழை நம்பினால் எதுவரை போகும் என்பதற்கு உலகம் அறிந்த ஒரு சம்பவம் இருக்கிறது. 2011-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஜென்சன் ஃபார்ம்ஸ் என்ற பண்ணையின் முலாம்பழத்தில் லிஸ்டீரியா கிருமி பரவி 33 பேர் இறந்தார்கள். முதல் ஆள் நோயில் விழுவதற்குச் சில நாள் முன்புதான் பண்ணை பணம் கொடுத்து வரவழைத்த தணிக்கையாளர் பார்த்துவிட்டு 100-க்கு 96 மதிப்பெண் போட்டு "மிகச் சிறப்பு" என்று எழுதிக் கொடுத்திருந்தார். பிறகு அரசு ஆட்கள் போய்ப் பார்த்தால் பழம் கழுவும் கூடத்தில் தரையில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, சுத்தம் செய்யவே முடியாத இயந்திரம் ஓடுகிறது. கழுவும் தண்ணீரில் கிருமிநாசினியும் இல்லை. குற்ற வழக்கில் நின்றவர்கள் பண்ணையை நடத்திய அண்ணன் தம்பி இருவர். ஒப்புக்கொண்டு 2014-இல் தண்டனை பெற்றார்கள். நீங்களும் அண்ணன் தம்பி என்பதால் இது எனக்கு நினைவுக்கு வந்தது. அவர்கள் ஏமாற்ற நினைத்ததாக நான் படித்ததில்லை. பணம் கொடுத்து ஆள் வைத்தோம், அவர் நன்றாக இருக்கிறது என்றார், நம்பினார்கள்.

இதில் இன்னொரு சங்கடம் உள்ளே இருக்கிறது. திட்டம் எழுதியவரே தணிக்கையும் செய்து, சான்றிதழ் வந்தால்தான் கூலி என்றும் இருந்தால், அவர் வாயிலிருந்து கெட்ட செய்தி எப்படி வரும்? எழுதிக் கொடுப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்று வையுங்கள். கூலியைச் சான்றிதழோடு கட்டாதீர்கள், வேலை செய்த நாளுக்குக் கொடுங்கள். அப்புறம், உங்களுக்குத் திட்டம் எழுதுபவர் வேதாளையிலும் பாம்பனிலும் உங்கள் போட்டியாளருக்கும் எழுதுகிறார் என்பதை மனதில் வையுங்கள். வாங்குபவர் பெயர், விலை, உங்கள் பொடியின் சேர்மானம், இதெல்லாம் தேவைக்கு மேல் அவரிடம் போக வேண்டாம்.

அமெரிக்காவுக்குப் போகும் சரக்கு என்றால் அங்கே கடல் உணவு ஹாசப் விதி ஒன்று 1997-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. திட்டத்தை உருவாக்கும் பயிற்சி பெற்றவர் ஆலையின் ஊழியராக இருக்கத் தேவையில்லை என்று விதியே சொல்கிறது. ஆக, வெளியாள் எழுதலாம். ஆனால் கையெழுத்தும் தேதியும் போட வேண்டியவர், அந்த ஆலையிலேயே இருக்கும் மிகப் பொறுப்பானவர், அல்லது நிறுவனத்தில் அவருக்கு மேலே உள்ளவர். வருடத்துக்கு ஒருமுறையாவது திட்டத்தை மறுபடி ஆராய வேண்டும். நீங்கள் சரக்குக் கொடுக்கும் ஏற்றுமதிக் கம்பெனியும், நம் ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சில் அதிகாரிகளும் வரும்போது கேள்வி கேட்பது அங்கே நிற்பவரிடம்தான். "வேகவைத்த நண்டு எவ்வளவு நேரத்தில் குளிர வேண்டும்? தாண்டினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், "கன்சல்டன்டைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று நீங்கள் சொல்லும் நிமிடத்தில் அந்தத் திட்டம் உங்களுடையது இல்லை என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

லேபிளைப் பற்றி ஒன்று மட்டும். சென்னாக்கூனி என்பது இறால் இனம். ஓடுள்ள அந்த இனத்தின் ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்து. 2020-இன் லேபிள் விதிப்படி மீன், ஓடுள்ள இறால் நண்டு இனம் ஆகியவை இருந்தால் தனியாக அறிவிக்க வேண்டும். ஊறுகாய்க் கம்பெனிக்குச் செய்த லேபிளையே பெயர் மாற்றிக் கொடுக்கும் ஆட்கள் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள். அச்சுக்குப் போகும் முன் நீங்களே ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பாருங்கள். கருவாட்டுப் பொடியும் கூனிப் பொடியும் ஒரே அரவை இயந்திரத்தில் ஓடினால் கருவாட்டுப் பாக்கெட்டிலும் அதைச் சொல்லிவிடுங்கள்.

எனக்குக் கேட்டால், இப்படிச் செய்வேன். மதினியை எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபாஸ்டாக் என்ற உணவுப் பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்புவேன். 25 பணியாளர்களுக்கு ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் என்பது கணக்கு, உங்களுக்கு ஒருவரே போதும். கணக்கு எழுதும் கை, பதிவேடும் ஒழுங்காக எழுதும். சரக்கை நிறுத்து என்று அவர் சொன்னால் நீங்களும் அண்ணனும் கேட்க வேண்டும், வாங்குபவர் லாரி வாசலில் நின்றாலும் கேட்க வேண்டும். அதை வீட்டில் உட்கார்ந்து முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கன்சல்டன்டைத் திட்டம் எழுதும் காலத்துக்கு மட்டும் எடுங்கள். விடியற்காலை கரையில் ஒரு நாள், சதை எடுக்கும் நேரத்தில் ஒரு நாள், கழுவி முடிக்கும் இரவில் ஒரு நாள் உங்களோடு நின்றுவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று ஒப்பந்தத்தில் போடுங்கள். திட்டம் தமிழில் இருக்க வேண்டும், வேலை செய்யும் பெண்கள் வாசித்துப் புரிந்துகொள்கிற தமிழில். எல்லா ஆவணமும் உங்கள் சொத்து, பிரியும்போது எடிட் செய்யக்கூடிய கோப்பாகக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

காசு கொடுக்காமல் கேட்கவும் இடங்கள் இருக்கின்றன. கடல் உணவு ஏற்றுமதிக்கு மத்திய அரசின் எம்பெடா ஆணையம் இருக்கிறது, மீனைக் கையாளும் சுகாதாரம் பற்றிக் கரையிலேயே பயிற்சி நடத்தும் அதன் நெட்ஃபிஷ் அமைப்பும் இருக்கிறது. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி, கொச்சியில் சிஃப்ட் என்ற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், இரண்டிலும் மீன் பதப்படுத்தலுக்கென்றே விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். இராமநாதபுரத்தில் உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரைப் போய்ப் பாருங்கள். நோட்டீஸ் வந்தபின் முதல்முறையாக அவர் முன் நிற்பதைவிட, சந்தேகம் கேட்க முன்கூட்டியே போய் நிற்பது நல்லது.

ஏற்கெனவே வாங்கிய லைசென்ஸ் யார் மொபைல் எண்ணில் இருக்கிறது என்று இன்றைக்கே ஃபாஸ்காஸில் பாருங்கள். உங்களுடையதாக இல்லாவிட்டால் கன்சல்டன்டோடு மேற்கொண்டு பேசும் முன் அதை மாற்றுங்கள். நண்டு வேலைக்கு அவர் ஒப்பந்த வரைவு அனுப்பினால், எந்த நாட்களில் எத்தனை மணிக்கு உங்கள் கொட்டகையில் இருப்பார் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.